அடைக்கலம் புகுந்த கிளியும் அபயம் அளித்தலின் இயல்பும்

அறங்களுள் அபயம் அளித்தல் தலையாயது என்பது ஆன்றோர் பலர்க்கும் ஒத்த முடிபு. பொருள் ஈதலும் உணவு ஈதலும் கல்வி ஈதலும் உயிர்க்கு உள்ள ஒவ்வொரு குறையை நீக்குவன. அபயம் ஈதலோ உயிரை உள்ளே ஒடுக்கி நிற்கும் அச்சத்தையே நீக்குவது. அஞ்சி நிற்கும் உயிர்க்கு உணவு சுவையாது, உறக்கம் வாராது, நல்லோர் சொல்லும் செவியிற் புகாது. ஆதலின் அச்சம் நீக்குதலே ஏனை அறங்கள் சென்று சேர்தற்கு வாயிலாம் என்க.

இவ்வறத்தின்கண் ஆராய்தற்குரிய வினா ஒன்றுண்டு. துன்பத்தில் அகப்பட்ட ஓர் உயிரை அதனின்றும் மீட்டுக் காவலான இடத்திற் சேர்த்த அளவில் அபயம் அளித்தல் நிறைவுற்றதாகுமோ? மீட்கப்பட்ட உயிர் தன்னை மீட்டவனைக் கண்டே நடுங்குமாயின், அவன் செய்யக் கடவது யாது? தான் செய்த நன்மையை அவ்வுயிர் உணரவில்லையே என வருந்துதற்கு அவனுக்கு உரிமை உண்டோ? இவற்றைப் பொதுவிற் பேசின் சொல்லாய் ஒழியும். ஒரு பொருளின் மேல் வைத்து ஆராயின் தெளிவு பிறக்கும். ஆகவே வேற்றிடத்தில் இடர்ப்பட்டு, மீட்கப்பட்டு, புதியதோர் இல்லிற் புகுந்த கிளி ஒன்றன் நிலையை ஈண்டு எடுத்துக்கொள்கின்றாம்.

கிளி நம்மவர்க்குப் புதியதன்று. மணிவாசகப் பெருமான் திருத்தசாங்கத்திற் கிளியை விளித்தே இறைவனுடைய பெயர், நாடு, ஊர் முதலிய பத்து உறுப்புக்களையும் வினவியருளினார். மதுரையில் அங்கயற்கண்ணியம்மையின் திருக்கரத்திற் கிளி விளங்குதலும், அத்திருக்கோயிலிற் கிளிக்கூட்டு மண்டபம் என ஒரு மண்டபம் வழங்குதலும் யாவரும் அறிந்தன. எனினும், கிளியின் சொல்லை நாம் விரும்பிய அளவிற்கு அதன் உள்ளத்தை அறிய விரும்பினோம் அல்லேம். பொருளுணராது சொன்னதையே சொல்வாரைக் கிளிப்பிள்ளை என்று இகழ்தலும் வழக்காயிற்று.

அவ்விகழ்ச்சி பொருந்தாது என்பதைப் பிற்காலத்தார் ஆராய்ச்சி காட்டிற்று. அமெரிக்க நாட்டில் ஐரீன் பெப்பர்பெர்க் என்னும் அம்மையார், அலெக்ஸ் எனப் பெயரிய ஆப்பிரிக்கச் சாம்பற்கிளி ஒன்றனை 1977-ஆம் ஆண்டு தொடங்கி அஃது இறந்த 2007-ஆம் ஆண்டு வரை பயிற்றி ஆராய்ந்தனர். அது நிறங்களையும் வடிவங்களையும் பெயர் கூறிப் பிரித்துணர்ந்தது. ஆறு வரை எண்ணும் அறிந்தது. இவற்றினும் நம் ஆராய்ச்சிக்கு இயைபுடையது வேறொன்று. வேண்டாததை வேண்டா என மறுக்கவும், பயிற்சியிற் சலித்தபோது தன் கூட்டிற்கே மீளவேண்டும் எனச் சொல்லால் உணர்த்தவும் அப்பறவை கற்றிருந்தது. விருப்பும் வெறுப்பும் உடைய உயிர் அது. அவ்விரண்டையும் பிறர்க்கு அறிவித்தற்கு முயலும் உயிரும் அதுவே.

இனி, எவ்வகைக் கிளியைப் பற்றிப் பேசுகின்றாம் என்பதைத் தெளிவு செய்தல் வேண்டும். நம் நாட்டுப் பச்சைக்கிளியைப் பிடித்தலும் விற்றலும் வீட்டில் அடைத்து வளர்த்தலும் 1972-ஆம் ஆண்டின் வனவுயிரினப் பாதுகாப்புச் சட்டத்தால் விலக்கப்பட்டன. மரப்பொந்தினின்றும் குஞ்சாகவே கவர்ந்து, சிறகினைக் கத்தரித்து, சீட்டெடுக்கும் தொழிலிற் பழக்கியதாயினும், விலைக்கு வைத்ததாயினும், அத்தகைய கிளி ஒன்று நம் கைக்கு வருமேல் வனத்துறையாரிடம் ஒப்புவித்தலே முறை. கத்தரிக்கப்பட்ட இறகுகள் உதிர்ந்து புதியன முளைக்கும் ஆகலின், தக்காரிடம் இருந்து பறத்தற்கும் இரை தேடுதற்கும் பழகியபின் மீண்டும் தன் இனத்தோடு சேர்தல் அவற்றுட் பலவற்றிற்கு இயலும். அங்ஙனம் இயலும் உயிரை அன்பின் பெயரால் நம் இல்லில் நிறுத்திக்கொள்ளுதல் அபயம் ஆகாது. கவர்தலின் மற்றொரு வடிவே ஆம்.

திரும்பிச் செல்லுதற்கு இடம் இல்லாத கிளிகளும் உள. ஆப்பிரிக்கக் காடுகளுக்கு உரிய சாம்பற்கிளி அவற்றுள் ஒன்று. பேச்சுத்திறம் பற்றி உலகெங்கும் விலைப்பட்டு, காடுகளிற் பெரிதும் குறைந்தமையின், 2016-ஆம் ஆண்டு சோகன்னசுபர்க்கு நகரிற் கூடிய பன்னாட்டுப் பேரவை, காட்டிற் பிடித்த சாம்பற்கிளிகளின் வாணிகத்தை விலக்குமாறு அதனை மிக்க காவலுக்குரிய உயிர்களின் வரிசையிற் சேர்த்தது. கூட்டிற் பிறந்து கூட்டில் வளர்ந்தவை நம் நாட்டிலும் பல. இவற்றை வைத்திருப்போர் அரசினரிடம் பதிவு செய்தல் வேண்டும் என்பது 2022-இல் திருத்தப்பெற்ற சட்டமும் 2024-இல் வந்த விதிகளும் கூறும் நெறி. இப்பறவை கூட்டில் 40 முதல் 60 ஆண்டு வரையும் வாழ வல்லது. ஆகவே வளர்த்தவர் இறக்க, வளர்ப்புயிர் எஞ்சி நிற்றல் இதன் வாழ்க்கையில் அரிதன்று. எஞ்சிய கிளி உறவினரிடம் சுமையாய், பின்கட்டில் ஓர் இருண்ட மூலையிற் கிடந்து, யாரேனும் ஒருவர் இரங்கி எடுத்துச்செல்லும் நாள் வரை காத்திருக்கும்.

எம்மோடு நெடுநாட் பழகிய முதியவர் ஒருவர் இங்ஙனம் ஒரு சாம்பற்கிளியை ஏற்றனர். முன்னர் வளர்த்தவர் இறந்தபின் ஈராண்டு அது சமையலறையை அடுத்த ஒரு சிற்றறையில் அடைபட்டுக் கிடந்தது. கூட்டைத் துப்புரவு செய்வோர் துடைப்பக் கட்டையால் அதனை ஒதுக்கித் தள்ளுதல் வழக்கம். மார்பின் இறகுகளைத் தன் அலகாலேயே பறித்துப் பறித்து, தோல் வெளிப்பட நின்றது அப்பறவை. புதிய இல்லில் அதற்கு அகன்ற கூடும், காலை வெயிலும், பழமும், பருப்பும் கிடைத்தன. கிடைத்தும், முதியவர் கை கூட்டருகே சென்றபோதெல்லாம் பின்மூலையில் ஒடுங்கி உறுமியது. துடைப்பத்தின் ஒலி கேட்பின் கம்பிகளில் மோதிற்று. ஒரு திங்கள் கழிந்தபின் அவர் எம்மிடம், “இருட்டறையினின்றும் மீட்டேன்; தேடித் தேடி உணவிடுகின்றேன்; என்னையும் அது பகையாகவே கருதுகின்றதே! யான் அதற்கு என்ன குறை வைத்தேன்?” என்று வருந்தினர்.

அவர் வினாவில் இரண்டு பொருள்கள் கலந்துள்ளன. கிளியின் துன்பம் இன்னும் நீங்கவில்லையே என்னும் இரக்கம் ஒன்று. தாம் செய்த நன்மைக்குக் கிளி தம்மை விரும்பவில்லையே என்னும் குறை மற்றொன்று. முன்னது அருள், பின்னது பற்று. இரண்டும் ஒரே நெஞ்சில் ஒரே முகத்தோடு தோன்றுவன ஆதலின் வேறுபடுத்தி உணர்தல் எளிதன்று. வேறுபடுத்தி உணராதவழிப் பின்னது முன்னதனைக் கெடுக்கும். யாம் கூறப் புகுந்தது இதுவே.

முதற்கண் அச்சத்தின் இயல்பை அறிதல் வேண்டும். கிளி பிற உயிர்களை வேட்டையாடி உண்பதன்று. பருந்து முதலியவற்றால் வேட்டையாடப்படுவது. அதனாலன்றோ அதன் கண்கள் தலையின் இருமருங்கும் அமைந்து, பக்கங்களையும் பின்னையும் நோக்கும் பரப்புடையவாயின. வேட்டையாடும் உயிர்களின் கண்களோ முன்னோக்கி நிற்பன. நேர் நின்று, இமையாது, இரு கண்ணாலும் உற்று நோக்குதல் மக்களுக்கு அன்பின் அடையாளம் ஆகலாம். கிளிக்கோ அது கொல்ல வருவதன் நோக்கு. மேலிருந்து இறங்கும் கை பருந்தின் கால் போல்வது. நாய் முதலியன பல்லாயிரம் ஆண்டு மக்களோடு வாழ்ந்து மக்கள் குறிப்பைப் பிறவியிலேயே ஒருவாறு அறியும் இயல்பின ஆயின. கிளி அங்ஙனம் அன்று. கூட்டிற் பிறந்ததாயினும், சில தலைமுறைகட்கு முன் காட்டில் இருந்த இயல்பே அதன் உடலில் நிற்கின்றது.

இவ்வியற்கை அச்சத்தின்மேல் பட்டறிவால் வந்த அச்சமும் ஏறுகின்றது. உயிர் சார்ந்ததன் வண்ணமாம் என்பது நம் நூலோர் துணிபு. துடைப்பத்தைச் சார்ந்து ஈராண்டு வாழ்ந்த கிளியின் அறிவு அத்துடைப்பத்தின் வண்ணமாகவே நிற்கும். கூட்டை மாற்றிய ஒரு நாளில் அவ்வண்ணம் மாறாது. இடம் மாறுதல் நம்மால் ஆவது. உள்ளம் மாறுதல் அதனால் ஆவது. முன்னதற்கு ஒரு பொழுது போதும். பின்னதற்கு எத்துணைக் காலம் வேண்டும் என்று வரையறுக்க நம்மால் இயலாது.

இதனை உணராதார் மூன்று பிழைபட்ட வழிகளைக் கைக்கொள்வர்.

முதலாவது வலிந்து பழக்குதல். கிளியைத் துணியாற் பிடித்துக் கையில் இறுக வைத்திருப்பின் சிறிது பொழுதில் அது போராட்டம் ஒழிந்து அடங்கும் என்பர். அடங்குதல் மெய், அச்சம் ஒழிந்ததனால் அன்று, தப்புதல் இயலாது எனக் கைவிட்டமையால் அடங்கிற்று. புறத்தே இரண்டும் ஒன்றுபோலத் தோன்றும். சோர்வை அடக்கம் என மயங்குதல் கிளியளவில் மட்டும் நிகழ்வதன்று என்பதை ஆசிரியராய் இருந்தார் அறிவர்.

இரண்டாவது பட்டினியிடுதல். பசித்தால் கையினின்றும் உண்ணும். உண்டாற் பழகும் என்பது அவர் கருத்து. சாம்பற்கிளியின் எடை அரைக்கிலோ அளவே. அத்துணைச் சிற்றுடலிற் சில நாள் உணவு குறைதலும் உயிர்க்கு ஊறு ஆகும். மேலும், பறவைகள் நோயை மறைத்தே நிற்கும் இயல்பின ஆதலின் மெலிவு வெளிப்படுமுன் காலம் கடந்துவிடும். இதனாலன்றோ அறிந்தோர் கிளியைச் சிறு தராசிற் பழக்கி அடிக்கடி நிறுத்துப் பார்ப்பர். உடலுக்கு வரும் கேடு ஒருபுறம் நிற்க, உணவையே படைக்கலம் ஆக்கியவன் அபயம் அளித்தவன் ஆகான்.

மூன்றாவது மிகையன்பு. இது பிழை எனத் தோன்றாது. ஆதலின் முன்னிரண்டினும் நுண்ணிது. எந்நேரமும் கூட்டருகே நிற்றல், ஓயாது பேசுதல், வந்தாரையெல்லாம் அழைத்துக் காட்டுதல், சிறுவர் கூடி ஆர்ப்பரித்தல், கைநீட்டிக் கொஞ்சுதல் ஆகிய இவையெல்லாம் அஞ்சும் உயிர்க்கு முற்றுகையே. அன்பினாற் செய்யப்படுவது என்பது செய்வான் அறிந்தது. கிளி அறிந்தது அன்று.

அற்றேல், செய்யத்தக்கது யாதோ எனின், கூறுதும். முதலிற் பறவை நோய் அறிந்த கால்நடை மருத்துவரிடம் காட்டுக. இறகு பறித்தற்கு உள்ளத் துயரும் சலிப்பும் மட்டுமன்றி, தோல்நோயும் உடல்நோயும் ஏதுவாதல் கூடும். வீட்டில் வேறு பறவைகள் இருப்பின் தொற்று இன்மை தெரியுமளவும் பிரித்து வைக்க. கூட்டினை வீட்டின் நடுவில் நாற்புறமும் ஆள் நடமாடும்படி வையாது, ஒருபுறம் சுவரைச் சார்ந்திருக்க வைக்க. பின்னிருந்து யாதும் வாராது என்னும் உறுதி அதனால் உண்டாம். ஒரு மூலையை மெல்லிய துணியால் மறைத்து, வேண்டும்போது ஒளிந்துகொள்ள இடம் தருக. ஒளிதற்கு இடம் பெற்ற உயிரே வெளிவரத் துணியும். பத்து முதல் பன்னிரண்டு மணி நேரம் இருளும் அமைதியும் உடைய உறக்கம் தருக. ஒட்டாத பூச்சுடைய நான்ஸ்டிக் கலங்கள் மிகக் காயின் எழும் ஆவி பறவைகளை விரைவிற் கொல்வது ஆதலின் சமையலறையை அடுத்து வைத்தல் எவ்வாற்றானும் ஆகாது.

உணவிலும் பொறுமை வேண்டும். சூரியகாந்தி விதை ஒன்றே உண்டு பழகிய கிளிக்கு ஏ உயிர்ச்சத்தும் சுண்ணச்சத்தும் குறைவுபடும். கீரை, காரட்டு, பூசணி, முளைகட்டிய பயறு முதலியன நல்லன. ஆயினும் பழைய உணவைத் திடீரென நிறுத்தாது, புதியதனை அதன் அருகே நாள்தோறும் வைத்து வருதல் வேண்டும். அவகாடோப் பழமும் சாக்கலேட்டும் அதற்கு நஞ்சு. கொறித்துக் கிழித்தற்கு மென்மரத் துண்டும், ஓலையும், உமி நீக்கி உண்ணும் கதிரும் தருக. காட்டிற் பொழுதில் பெரும்பகுதியை இரை தேடுதலிற் கழிக்கும் உயிர், செயலற்று இருத்தலினாலேயே தன் இறகைப் பறிக்கக் கூடும்.

அணுகும் முறையே இவையெல்லாவற்றினும் முதன்மையானது. கூட்டினின்றும் எத்துணைத் தொலைவில் நிற்பின் கிளி தன் செயலை விடாது இயல்பாய் இருக்கின்றதோ, அத்தொலைவே தொடங்கும் இடம். அங்கே பக்கவாட்டில் திரும்பி அமர்ந்து தன் வேலையைச் செய்க. இறகுகளை உடலோடு இறுக ஒட்டிக் கழுத்தை நீட்டி விறைத்து நிற்றலும், உறுமலும், பின்வாங்கலும் அச்சக் குறிகள். அவை தோன்றிய அளவிலே, தோன்றாத தொலைவிற்குப் பின்வாங்குக. உடலைச் சிலிர்த்து விடுதல், இறகு கோதுதல், ஒற்றைக் காலில் நிற்றல், உறங்கு முன் அலகை அரைத்தல் ஆகியன அமைதிக் குறிகள். அவை தோன்றிய பின்னரே ஓரடி முன்செல்லுதல் தகும். உணவுக் கலத்தில் ஒரு வாதுமைப் பருப்பை இட்டு உடனே அகல்க. நாளடைவில் ஒருவன் வருதல் நன்மை வருதலோடு இயைந்து நிற்கும்.

பின்வாங்குதல் தோல்வி ஆகாதோ எனின், அற்றன்று. உறுமியபோது நாம் விலகினால், ‘என் மறுப்பு இங்குச் செல்லும்’ என்று அவ்வுயிர் அறிகின்றது. முன்னிருந்த இடத்தில் அதன் மறுப்பு ஒருநாளும் செல்லவில்லை. அச்சம் வேரூன்றியது அதனாலேயே. மறுத்தற்கு உரிமை பெற்ற உயிரே உடன்படுதற்கும் உரிமை பெற்றதாகும். மறுக்கவியலாத இடத்து உடன்பாடு என்பதற்குப் பொருள் இல்லை.

இனி, ‘பருப்புக் கொடுத்துப் பழக்குதல் அன்பை விலைக்கு வாங்குதல் ஆகாதோ?’ என்று ஒருசாரார் கடாவுவர். ஆகாது. பருப்பு கிளிக்கு நாம் தரும் விலையன்று. அதற்குத் தெரிந்த மொழியில் நாம் கூறும் ஒரு செய்தி. ‘தீங்கு இல்லை’ என்பதை மக்கட் சொல்லால் உணர்த்த இயலாதவிடத்துச் செயலால் உணர்த்துகின்றோம். தாய் குழவிக்கு உணர்த்துவதும் இவ்வாறே. ஒருநாள் தந்து மறுநாள் அச்சுறுத்துவோன் செய்தி பொய்யாம். ஆதலின் சிறிதாயினும் நாள்தோறும் ஒருபடித்தாய் இருத்தல் வேண்டும்.

‘கூட்டைத் திறந்துவிடுதலன்றோ மெய்யான அபயம்?’ என மற்றொரு சாரார் வினவுவர். காட்டிற்கு உரியதைக் காட்டிற்கு மீட்டல் கடமை என மேலே கூறினாம். வேற்று நாட்டுக் கிளியை நம் ஊர் வெளியில் விடுதல் அங்ஙனம் அன்று. இரையும் பகையும் அறியாத அது பருந்திற்கோ பூனைக்கோ பசிக்கோ இரையாம். விடுதலை என்னும் சொல் இனிது. அச்சொல்லால் நம் சுமையைக் கழித்துக்கொள்ளுதல் இனிதன்று. கூட்டின் கதவைக் காவலான அறையினுள்ளே நாள்தோறும் திறந்து வைத்து, வெளிவருதலையும் உட்புகுதலையும் அதன் விருப்பிற்கே விடுதல் நம்மால் ஆகும் விடுதலை.

‘மக்கள் பலர் துன்புற்றுக் கிடக்க ஒரு பறவைக்கு இத்துணை முயற்சியோ?’ என்பது மூன்றாவது தடை. அருள், ஒருவர்க்கு ஈந்தால் மற்றொருவர்க்குக் குறையும் பொருள் அன்று. பயிலப் பயில வளரும் ஆற்றல். இதற்கு ஒரு சான்றும் உண்டு. அமெரிக்க நாட்டு லாசு ஏஞ்சலீசு நகரில், முன்னாட் படைவீரர்க்கான மருத்துவ வளாகத்தின்கண், கைவிடப்பட்ட கிளிகட்குப் புகலிடம் ஒன்று 2005-ஆம் ஆண்டு முதல் நடைபெற்று வந்தது. போரினால் உள்ளம் புண்பட்டு, சிற்றொலிக்கும் திடுக்கிடும் வீரர்கள், அவ்வாறே திடுக்கிடும் கிளிகளைப் பேணினர். அஞ்சும் பறவையின் முன் தாமும் மூச்சை அடக்கி மெல்ல இயங்க வேண்டியிருந்தமையின், பறவைக்கு அமைதி தருதற்கு முதலில் தாம் அமைதி கொள்ளப் பழகினர். பேணுவோரும் பேணப்படுவதும் ஒருங்கே தேறினமை ஆண்டுக் காணப்பட்டது. பறவைக்குச் செலவிட்ட அருள் மக்களிடத்திற் குறைந்ததாக அங்கே கூறுவார் இல்லை.

முதியவர்பால் மீள்வாம். அவர் தம் காலை ஓதலைக் கூட்டிருந்த அறையிலேயே, கூட்டை நோக்காது பக்கம் திரும்பி அமர்ந்து, தாழ்ந்த குரலிற் செய்து வந்தனர். துடைப்பத்தை அவ்வறையினின்றும் நீக்கித் துணியால் துடைக்கச் செய்தனர். அக்கிளி சில வேளைகளில் இறந்துபோன பழைய உரிமையாளரைப் போலவே இருமும். அதனை மறக்கச் செய்க என்று சிலர் கூறினர். அவர், “அஃது அதன் பழைய வீடு, யான் ஏன் இடிக்க வேண்டும்?” என்று விடை கூறி வாளா இருந்தனர். நான்காம் திங்களில் ஒருநாள் கிளி அவர் விரலினின்றும் பருப்பை வாங்கியது. மார்பிற் சில இடங்களில் இறகு முளைத்தது. சில இடங்களில் வேர் கெட்டமையின் முளைக்கவே இல்லை. ஓராண்டு கழிந்தும் அது அவர் கைமேல் ஏறவில்லை. ஆயினும் அவர் ஓதும்போது ஒற்றைக் காலில் நின்று அலகை அரைத்துக் கண்மூடுகின்றது. வேட்டையாடப்படும் ஓர் உயிர் ஒருவன் எதிரே கண்மூடுதலினும் மிக்க நம்பிக்கை வேறு யாது? “கைக்கு வாராவிடினும் வராது போகட்டும், அஞ்சாது இருக்கின்றது” என்று அவர் இப்போது கூறுகின்றனர். முன் கூறிய இரண்டனுள் பற்று நீங்கி அருள் எஞ்சிய சொல் இது.

இதனாற் கிளிக்கு அன்பில்லை என்று கொள்ளற்க. சாம்பற்கிளிகள் தமக்குப் பயன் வாராதபோதும் உடனிருக்கும் கிளி உணவு பெறுமாறு உதவுதலை 2020-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சி காட்டியுள்ளது. கொடுக்கும் இயல்பு அவற்றிற்கும் உண்டு. ஆனால், கொடுப்பது அதன் உரிமை. கேட்டுப் பெறுதல் நம் உரிமை அன்று. நன்றியை எதிர்நோக்கி அடைக்கலம் தருவோன், தான் காத்த உயிரைத் தனக்குக் கடன்பட்டதாக ஆக்குகின்றான். கடன்பட்ட உயிர் மீட்கப்பட்டது ஆகாது. பழைய கட்டின் இடத்திற் புதிய கட்டு வந்தது.

இக்கருத்துக் கிளியளவில் நிற்பதன்று. பெற்றோரை இழந்து சுற்றத்தார் இல்லிற் புகும் குழந்தையும், கொடியோரிடமிருந்து தப்பி வந்த பெண்ணும், ஊரும் உறவும் விட்டு மடத்துப் பாடசாலையிற் புதிதாய்ச் சேர்ந்த சிறுவனும் இந்நிலையினரே. உணவும் உடையும் தந்தோம், இன்னும் முகம் மலரவில்லையே என அவர்பாற் குறைகூறுவார் உளர். ஒளிதற்கு இடம், மறுத்தற்கு உரிமை, மாறாத ஒழுங்கு, காலம் என்னும் நான்கும் அவர்க்கும் தரத்தக்கன. பக்குவம் நோக்கிக் காத்திருத்தல் நம் நெறியாளர்க்கு நான் எடுத்துக்கூற வேண்டுவது அன்று. பெரும்பொருளில் அதனைப் போற்றும் நாம் சிறுபொருளிலும் போற்றல் வேண்டும் என்பதே வேண்டுகோள்.

ஆகவே முதலில் எழுப்பிய வினாவிற்கு விடை இது. இடர் நீக்கிய அளவில் அபயம் பாதியே நிறைவுற்றது. எஞ்சிய பாதி, காக்கப்பட்ட உயிர் தானே அச்சம் துறக்குங்காறும் அதற்கு இடங்கொடுத்துக் காத்து நிற்றல். தன்னை விரும்ப வேண்டும் என்னும் விருப்பத்தைக் காப்போன் துறத்தலும் அதனுள் அடங்கும். இத்தகைய உயிரை ஏற்க எண்ணுவோர் மற்றொன்றும் கருதுக. அறுபது ஆண்டு கடந்தார் ஏற்கும் இளங்கிளி அவர்க்குப் பின்னும் நெடிது வாழும். தமக்குப்பின் அதனை யார் பேணுவர் என்பதை அவரோடு பேசி முடிவு செய்து, உணவும் பழக்கமும் அது அஞ்சும் பொருள்களும் எழுதிவைத்து, பேணவிருப்பார் குரலையும் இப்போதே அதற்குப் பழக்கி வைத்த பின்னரே ஏற்றல் வேண்டும். அவ்வாறு செய்ய இயலாதார் தக்க புகலிடத்திற் சேர்ப்பித்து, அதற்குத் தம்மால் இயன்ற பொருளுதவி செய்தலும் அவ்வறமே ஆம்.